வீட்டுக் கடல்தொட்டியில் சாலிஸ் பவளம்: வாங்குவது முதல் வெட்டிப் பிரிப்பது வரை

சாலிஸ் பவளத்தை ஆசையாக வாங்கி, இரண்டே மாதத்தில் பறிகொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் அலட்சியமானவர்கள் அல்ல. நல்ல விளக்கு, நல்ல பம்பு எல்லாம் வைத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பாறையின் உச்சியில், விளக்குக்கு நேர் கீழே வைத்தார்கள். அங்கேதான் பிசகியது. இது நிழலில் வாழும் பவளம். குறைந்த வெளிச்சம், நிலையான தண்ணீர், இரவில் கொஞ்சம் சாப்பாடு, பக்கத்தில் யாரும் இல்லாத இடம். இந்த நான்கையும் கொடுத்துவிட்டால் வருடக்கணக்கில் நம்மோடு இருக்கும்.

நான் சிங்கப்பூரில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். அதனால் இதில் சொல்வது பெரும்பாலும் வெப்ப ஊர்க்காரர்களுக்கான அனுபவம். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு வெப்பநிலை பற்றிய பகுதி மட்டும் தலைகீழாக இருக்கும், மற்றவை அப்படியே பொருந்தும்.

எதை சாலிஸ் என்கிறோம்

சாலிஸ் என்றால் கோப்பை. தட்டாகவும் கிண்ணமாகவும் விரிந்து வளர்வதால் வந்த பெயர். ஆனால் அது ஒரே ஒரு இனத்தின் பெயர் அல்ல, வளர்ப்பவர்களும் விற்பவர்களும் வைத்துக்கொண்ட பொதுப்பெயர். எக்கினோஃபில்லியா, ஆக்சிபோரா, மைசீடியம், எக்கினோபோரா ஆகிய பேரினங்கள் இதில் அடங்கும். பெக்டினியாவையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். 'ஹாலிவுட் ஸ்டன்னர்', 'மம்மி ஐ' என்று வருகிறவை எல்லாம் விற்பனைப் பெயர்கள். அந்தப் பெயருக்காக விலை ஏறும், பராமரிப்பு மாறாது.

மெல்லிய கல் தட்டின் மேல் சதை போர்த்தியிருக்கும். சதையில் ஆங்காங்கே வேறு நிறத்தில் பொட்டு வைத்தது போலத் தெரிபவற்றைக் 'கண்' என்போம். உண்மையில் அது வாய். ஒவ்வொரு கண்ணும் ஒரு பாலிப், அதாவது சேர்ந்து வாழும் தனித்தனிச் சிற்றுயிர்.

சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. வண்டல் அதிகம், சில மீட்டர் ஆழத்திலேயே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தக் கலங்கலில்தான் மைசீடியமும் பெக்டினியாவும் எக்கினோபோராவும் தட்டுத் தட்டாக விரிந்து கிடக்கின்றன. கண்ணாடி போன்ற தண்ணீரும் கொளுத்தும் விளக்கும் அவற்றுக்குப் பழக்கமே இல்லை. மங்கலான ஒளியை அகன்ற தட்டால் வாங்கிக்கொண்டு, மிதந்து வரும் இரையைப் பிடித்துச் சாப்பிட்டு வாழ்பவை. எங்கே வைப்பது, எப்படி ஊட்டுவது என்று எனக்குக் குழப்பம் வந்தால் அந்தக் கடலைத்தான் நினைத்துப் பார்ப்பேன்.

வாங்கும் முன் தொட்டியைத் தயார் செய்யுங்கள்

தொட்டி ஓடத் தொடங்கிக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பாறையில் ஊதா நிறக் கோரலைன் பாசி படரத் தொடங்கியிருந்தால் நல்ல அறிகுறி. அப்புறம், மூன்று வாரம் ஒரு நோட்டில் அளவுகளை எழுதி வாருங்கள். ஒரு நாள் அளவு சரியாக இருந்தது என்பதில் ஒன்றும் இல்லை. மூன்று வாரமும் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்று பாருங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகள்: உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தியில் 1.025 முதல் 1.026. வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ். ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை, 8 முதல் 9 டி.கே.எச். (அதை அளக்கும் டிகிரி). கால்சியம் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில், மெக்னீசியம் 1300 முதல் 1350. நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. கடைசி இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் பெருமைப்பட வேண்டாம். தண்ணீரில் சத்தே இல்லையென்றால் சாலிஸ் வெளுத்து மெலியும்.

இவற்றில் ஆல்கலினிட்டிதான் உயிர்நாடி. 8-இல் இருந்தாலும் சரி, 9.5-இல் இருந்தாலும் சரி, நிலையாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினால் ஓரச் சதை பின்வாங்கத் தொடங்கும்.

நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி இருக்கும். பம்பும் விளக்கும் சேர்ந்து தண்ணீரை இன்னும் சூடாக்கும். சிறிய தொட்டியில் மேற்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். ஆகவே ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்ற வேண்டும், அதையும் தினமும், முடிந்தால் தானியங்கி நிரப்பியால். 150 லிட்டருக்கு மேல் என்றால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கிவிடுவதே நல்லது.

குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்கு குளோரமின் இருக்கிறது. அது சாதாரண குளோரின் போல ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடாது. நல்ல கார்பன் வடிகட்டி, ஆர்.ஓ. (நுண்சவ்வு வடிகட்டி), கடைசியில் டி.ஐ. (மிச்சமுள்ள அயனிகளை நீக்கும் பிசின்) என்று மூன்றையும் கடந்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீரில் உப்பைக் கலக்குங்கள்.

சட்டம் பற்றிக் கொஞ்சம்

கல் பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருகிறேன் என்று நண்பர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் இன்னும் கடுமை: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ உயிருள்ளதை மட்டுமல்ல, செத்து ஒதுங்கிய துண்டைக்கூட எடுக்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள். முடிந்தவரை, வேறொருவர் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டையே வாங்குங்கள். கடல் பிழைக்கும், தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகிய துண்டும் உங்களுக்குக் கிடைக்கும்.

கடையில் எதைப் பார்ப்பது

கடைகளில் நீல விளக்கின் கீழ் எல்லாமே ஜொலிக்கும். வெள்ளை விளக்கைக் கொஞ்ச நேரம் போடச் சொல்லுங்கள், அல்லது கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். சதை விளிம்பு வரை மூடியிருக்கிறதா? வளரும் விளிம்பு வெளிறியிருப்பது இயல்பு, ஆனால் அதன் மேல் வழுவழுப்பான சதை இருக்கும். சொரசொரப்பான பற்கள் போல எலும்பு வெளியே தெரிந்து, அதில் பாசி பிடித்திருந்தால் அது சாகும் விளிம்பு. கண்கள் உப்பியிருக்க வேண்டும், உள்வாங்கியிருக்கக் கூடாது. அன்று காலை வெட்டிய துண்டை வாங்காதீர்கள். வெட்டுப் பக்கத்தில் சதை சுருண்டு மூடிய துண்டே தேவை. அடிப்பக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், புழுவும் முட்டையும் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். கடைசியாக, அங்கே என்ன வெளிச்சத்தில் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பையை இருபது நிமிடம் சம்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டியில்) மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். அப்புறம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரை மணி நேரத்தில் பழக்கினால் போதும்.

அடுத்தது மருந்துக் குளியல். இரண்டு கிண்ணம் எடுத்து, இரண்டிலும் தொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதலாவதில், பவளத்துக்கென்றே விற்கும் குளியல் மருந்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடாமல் கலந்து, சொன்ன நேரம் வரை வையுங்கள். அந்த நேரத்தில் ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சு குழாயால் மேலும் கீழும் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தட்டைப்புழு இருந்தால் உதிர்ந்து கிண்ணத்தின் அடியில் கிடக்கும். இரண்டாவது கிண்ணத்தில் அலசி எடுங்கள். பையின் தண்ணீரோ கிண்ணத்தின் தண்ணீரோ தொட்டிக்குள் போகக் கூடாது.

மருந்து முட்டைகளைக் கொல்லாது. அதனால் துண்டு ஒட்டியிருக்கும் பிளக்கை (சிறு பீங்கான் அல்லது சிமெண்ட் அடிக்கட்டையை)க் கழற்றிவிட்டுப் புதியதில் ஒட்டுவது நல்லது. ஜெல் வடிவ சூப்பர் க்ளூ போதும், தண்ணீரிலும் இறுகும்.

இடம்: கீழே, சாய்வாக, தனியாக

செடிக்கும் பவளத்துக்கும் பயன்படும் ஒளியை அளக்கும் அளவின் பெயர் 'பார்' (PAR). சாலிஸுக்கு ஆரம்பத்தில் 50 முதல் 80 பார் போதும். நன்றாகப் பழகிய பிறகு, வாரக்கணக்கில் மெல்ல 100, 120 வரை கொண்டுபோகலாம். பார் மீட்டர் விலை அதிகம், நண்பர்களிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் தொட்டி முழுவதையும் அளந்து வரைந்து வைத்துக்கொள்ளலாம். மீட்டர் கிடைக்கவில்லையா? தொட்டியின் அடிப் பகுதியில், விளக்குக்கு நேர் கீழே இல்லாமல் ஓரத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் நிறம் பழுப்பாகும், பொறுமையாகச் சரிசெய்யலாம். கூடினால் சதை வெளுத்து, எலும்போடு ஒட்டி, பற்கள் துருத்தும். அதிலிருந்து மீட்பது கடினம். சந்தேகம் வந்தால் இருட்டின் பக்கம் சாயுங்கள்.

தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். தட்டின் நடுவில் அழுக்கு தங்கினால் அதன் அடியில் உள்ள சதை அழுகும். சற்றுச் சாய்வாக ஒட்டினால் தூசி தானாக வழுக்கி விழும். மணலில் நேரடியாக வைப்பதும் ஆபத்து. நத்தையோ மீனோ மணலை வாரி மேலே போட்டால் அதுவே போதும். நான் ஒரு தட்டைக் கல்லில் ஒட்டி, கல்லை மணலில் வைத்திருக்கிறேன், வேண்டும்போது கல்லோடு நகர்த்தலாம்.

நீரோட்டம் மிதமாக, திசை மாறிக்கொண்டே இருக்கட்டும். வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் பம்பு) நேராக அடித்தால் சதை உரிந்துவிடும். சோதிக்க எளிய வழி: உணவுத் துகளைத் தூவிப் பாருங்கள். தட்டின் மேல் ஒரு கணம் தயங்கி, பிறகு நகர்ந்து போனால் சரி. தங்கியே இருந்தால் ஓட்டம் போதாது, தொடாமலே பறந்தால் அதிகம்.

இப்போது தனிமை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் சாலிஸுக்கு எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஓர் அகான் பவளம் இருந்தது. தினமும் காலையில் அகானின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. நோய் என்று நினைத்து இரண்டு முறை மருந்துக் குளியல் கொடுத்தேன். பாவம், அது இன்னும் சுருங்கியது. பகலில் சாலிஸ் வெறும் கல் தட்டு போல அமைதியாகக் கிடக்கும், அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நண்பர் ஒருவர்தான், "அண்ணே, ராத்திரி எழுந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். இரவு ஒரு மணிக்கு, டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன். தட்டின் விளிம்பிலிருந்து நூல் போன்ற, கண்ணாடி நிறத்துக் கொடுக்குகள் நீண்டு, ஓட்டத்தோடு அலைந்து, நுனி அகானைத் தடவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நுனியிலும் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி. கொட்டும் செல்கள் குவிந்திருக்கும் இடம் அது.

அதனால் எல்லாப் பக்கமும் குறைந்தது 15 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஓட்டம் எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாக. சாலிஸ் சாலிஸையும் கொட்டும், இரண்டு நிறத்தை ஒட்டி ஒட்டி வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வைத்த பிறகு இரண்டு வாரம் கை வைக்காதீர்கள். இங்கே நகர்த்தலாமா, அங்கே திருப்பலாமா என்று கை அரிக்கும். ஒவ்வொரு இடமாற்றமும் அதற்கு முதலிலிருந்து பழகும் வேலை.

இரவுச் சாப்பாடு

சாலிஸின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளியிலிருந்து உணவு செய்து கொடுக்கிறது. ஊட்டாவிட்டாலும் உயிர் வாழும். ஊட்டினால் வளரும், அடிபட்ட இடம் சீக்கிரம் மூடும். வாரம் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை போதும்.

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். உறைந்த மைசிஸ் இறாலை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அந்தக் கலங்கல் நீரில் சில சொட்டு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். பெரியதாக இருந்தால் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். முதலில் எடுத்து வைத்த அந்த மைசிஸ் சாற்றை மட்டும் பவளத்தின் மேல் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். வாசம் பட்டதும் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொடுக்குகள் முளைத்தது போல எழும், வாய் கோடாகத் திறக்கும். அப்போது பம்புகளை நிறுத்தி, உறிஞ்சு குழாயால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துண்டு வையுங்கள். எறியக் கூடாது, வைக்க வேண்டும். கொடுக்குகள் மெல்லக் குவிந்து துண்டை மூடுவதையும், பிறகு அது சிறுகச் சிறுக வாய்க்குள் இறங்குவதையும் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். எனக்கு இந்த வளர்ப்பிலேயே மிகப் பிடித்த கால் மணி நேரம் அது.

சுத்தம் செய்யும் இறால் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அது மோப்பம் பிடித்து வந்து, பவளத்தின் வாய்க்குள் கை விட்டே துண்டைப் பிடுங்கும், சதை கிழியும். முதலில் இறாலுக்கு ஒரு பெரிய துண்டைக் கொடுத்து ஓரங்கட்டுங்கள். அரை பிளாஸ்டிக் புட்டியைப் பவளத்தின் மேல் கவிழ்த்து வைப்பதும் நல்ல தடுப்பு. இருபது நிமிடத்தில் பம்புகளை மறக்காமல் திரும்பப் போடுங்கள், கைபேசியில் அலாரம் வையுங்கள்.

வாரந்தோறும்

ஆல்கலினிட்டியை வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றம், அதற்கு முன் உறிஞ்சு குழாயால் தட்டின் மேல் மெல்ல ஊதி அழுக்கைக் கிளப்பிவிடுவது, அவ்வளவுதான்.

ஆல்கலினிட்டி இறங்கியிருந்தால் கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீரில் 1 டி.கே.எச். ஏற்றச் சமையல் சோடா சுமார் 3 கிராம் வேண்டும். கலப்பில்லாத சமையல் சோடா, பேக்கிங் பவுடர் அல்ல. தொட்டியின் கண்ணாடி அளவை வைத்துக் கணக்கிடாமல், பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்து, உண்மையில் இருக்கும் தண்ணீருக்குக் கணக்கிடுங்கள். ஆர்.ஓ. நீரில் கரைத்து, ஓட்டமுள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நாளில் அரை டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 6.5-க்கு இறங்கியதைப் பார்த்துப் பதறி ஒரே நாளில் 9-க்கு ஏற்றுவது, இறங்கியதைவிடப் பெரிய அடி.

சதை பின்வாங்கினால்

முதலில் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். ஆல்கலினிட்டி, உப்பு, வெப்பம் மூன்றையும் அளந்து நோட்டில் உள்ள பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். சில்லர் ஓடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அவை சரியென்றால் இரவில் சிவப்பு டார்ச்சோடு அரை மணி நேரம் உட்காருங்கள். யார் யாரைக் கொட்டுகிறார்கள், எந்தப் புழு வருகிறது, எந்த நண்டு கிள்ளுகிறது என்பது அப்போதுதான் தெரியும். குழாய் போல ஓடு கட்டி, சளி வலை வீசும் வெர்மெட்டிட் நத்தை பக்கத்தில் இருந்தால் அந்த வலை சதையை உறுத்திக்கொண்டே இருக்கும். ஓட்டை உடைத்து, வாயைப் பசையால் அடையுங்கள்.

ஓரத்திலிருந்து பின்வாங்கினால் பெரும்பாலும் ஆல்கலினிட்டி அல்லது பக்கத்துப் பவளம். நடுவிலிருந்து என்றால் தேங்கிய அழுக்கு. எல்லா இடமும் ஒரேயடியாக வெளுத்தால் வெளிச்சமோ வெப்பமோ. காரணத்தை நீக்கிய பிறகும் நிற்கவில்லை என்றால், உயிருள்ள சதைக்குள் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, செத்த பகுதியை அகற்றி, வெட்டு விளிம்பில் க்ளூ பூசுங்கள்.

பழுப்பு நிறக் கூழ் போல ஏதாவது படர்ந்து நாற்றம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். பம்புகளை நிறுத்தி, கூழ் கலையாமல் குழாயால் உறிஞ்சி எடுத்து, பவளத்தை அன்றே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மற்றவற்றுக்கும் தொற்றும்.

மீன்களில் வண்ணத்துப்பூச்சி மீன்கள் வேண்டவே வேண்டாம். குட்டை ஏஞ்சல்களும் சாலிஸின் சதையைக் கொத்திப் பழகிவிட்டால் நிறுத்தாது.

வெட்டிப் பிரித்தல்

உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, மூன்று மாதமாவது ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் வெட்டலாம். எலும்பு வெட்டும் கத்தரி இதற்குச் சரிப்படாது, மெல்லிய தட்டு நினைத்த இடத்தில் உடையாமல் கண்ணின் நடுவே பிளக்கும். வைரப் பூச்சு வட்டு மாட்டிய சிறு சுழல் கருவி போதும், வைர நாடா ரம்பம் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, மூக்குக்கு முகமூடி கட்டாயம். அதே பிளக்கில் ஜோவாந்திட் (பொத்தான் பாலிப்) ஒட்டியிருந்தால் அதை வெட்டாதீர்கள், அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கிறது.

எங்கே வெட்டுவது என்று முதல் நாளே பென்சிலால் படம் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு முழுக் கண், இரண்டு இருந்தால் பிழைப்பது எளிது. வெட்டும்போது வட்டு சூடாகாமல் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். வெட்டியதும் கல் தூள் போகும்வரை நன்றாக அலசி, சில நிமிடம் அயோடின் குளியல் கொடுத்து, பிளக்கில் ஒட்டி, தாய்ப் பவளம் இருந்ததைவிடச் சற்று மங்கலான, ஓட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். முதல் சில நாள் சளி விடும், சுருங்கியிருக்கும். ஊட்ட வேண்டாம். வெட்டு விளிம்பில் வெள்ளை எலும்பின் மேல் மெல்லிய கண்ணாடித் தோல் போலச் சதை ஏறுவது இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரியும். அது முழுவதும் மூடி, இரவில் கொடுக்கு நீட்டிச் சாப்பாடு வாங்கிய பிறகே துண்டை இன்னொருவர் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் ஆல்கலினிட்டி எண்ணையும், எத்தனை பாரில் இருந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள்.